வாய் கட்டின ஆளுக்கு வச்ச சூப்பு

என் வீட்டுக்காரருக்குத் தாடை உடைந்துவிட்டது.

வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ்மில்லில் அவருக்கு லோடு வேலை. அன்றைக்குத் தூறல். லாரியில் போட்டிருந்த பலகை வழுக்கிவிட்டது. மூட்டையோடு சறுக்கினார். லாரி விளிம்பில் தாடை போய் அடித்தது. எழுந்து, மூட்டையை மறுபடி தூக்கி அடுக்கில் வைத்துவிட்டு, அப்புறம்தான் வாயைத் தொட்டுப் பார்த்தாராம். கூட இருந்தவர்கள் சொன்னார்கள். இவர் எதுவும் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். எலும்பு கூடும் வரை வாயைத் திறக்கக் கூடாது. ஆறு வாரம்.

நான் அஞ்சாவது வரை படித்தவள். டாக்டர் நிறைய சொன்னார். எனக்குப் புரிந்தது இரண்டு. ஒன்று, வாந்தி வந்தால் உடனே கம்பியை வெட்டிவிட வேண்டும், இல்லை என்றால் மூச்சு அடைத்துக்கொள்ளும். அதற்கு ஒரு கட்டிங் பிளேயர் வாங்கி ஆணியில் மாட்டினேன். இன்னொன்று, "எல்லாம் தண்ணியா குடுங்கம்மா."

அடிபட்டதில் வலது பக்கம் ஒரு கடைவாய்ப் பல் போயிருந்தது. அந்த இடத்தில் ஒரு சந்து. ஒரு வேர்க்கடலைப் பருப்பு நுழையும், அவ்வளவுதான். அதில் ஸ்ட்ராவை வைத்து உறிஞ்ச வேண்டும். ஆளுக்கு ஆறடி உயரம். உள்ளே போக வழி அது ஒன்றுதான்.

மூட்டை தூக்குகிற ஆள் எவ்வளவு சாப்பிடுவார் என்று மூட்டை தூக்குகிறவர் வீட்டில்தான் தெரியும். காலையில் ஒரு குண்டான் கூழ். மத்தியானம் மில்லில் மூன்று தட்டு சோறு. ராத்திரி நான் பானையைச் சாய்த்துச் சுரண்டுகிற சத்தம் கேட்டால்தான் எழுந்திருப்பார். அந்த ஆளுக்கு இனிமேல் ஸ்ட்ரா.

அது நடவு சமயம். சாலவாக்கம் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரி நிரம்பியிருந்தது. எல்லாக் கழனியிலும் ஆள் கேட்டார்கள். நான் காலை ஏழு மணிக்கு நடவுக்குப் போனால் சாயந்தரம் அஞ்சரைக்குத்தான் திரும்புவேன். போகும்போது பிளாஸ்கில் எதையாவது ஊற்றி வைத்துவிட்டுப் போவேன். அவராக எடுத்துக் குடிப்பார். சாயந்தரம் நான் வருவதற்குள் பிளாஸ்க் காலியாகி இருக்கும். ஆள் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால் வந்ததும் காலைக் கழுவிவிட்டு அடுப்படிக்குத்தான் போக வேண்டும். உட்கார நேரம் இல்லை. அரை மணியில் ஏதாவது ஆக வேண்டும்.

பால் கொடுக்கலாமே என்று கேட்பார்கள். வீட்டில் ஒரு பசு இருக்கிறது. ஆனால் அவருக்குப் பால் சேராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. ஒரு டம்ளர் குடித்தால் நாலு தடவை வெளியே போவார்.

எனக்குத் தெரிந்த சூப்பு, சாயந்தரத்தில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியில் வைத்து விற்கிறதுதான். மேலே மிளகுத்தூள் போட்டுத் தண்ணியாகக் கொடுப்பான். அதே மாதிரி வைத்தேன். பாசிப்பருப்பு வேக வைத்து மேல்தண்ணி இறுத்தேன். முருங்கைக்கீரை கொதிக்க வைத்துச் சாறு வடித்தேன். கேரட்டு, பீன்ஸ், தக்காளி எல்லாம் போட்டு வேகவைத்து, நல்லா வடிகட்டி, மிளகு சீரகம் தட்டிப் போட்டுக் கொடுத்தேன். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். டாக்டர் சொன்ன மாதிரி தண்ணி. நான் சந்தோஷப்பட்டேன். ஒரு நாளைக்கு எட்டு டம்ளர். அவரும் வேண்டாம் என்று சொல்லாமல் குடித்தார்.

எனக்குச் சோறு. அவர் எதிரில் வைத்துச் சாப்பிட மனசு வரவில்லை. பின்கட்டில் போய், நின்றபடியே சாப்பிட்டேன். இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

வாய் கட்டினாலும் பேச்சு வரும். உதடு மட்டும் ஆடும். பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறதால் எது சொன்னாலும் கோபமாகப் பேசுகிற மாதிரி இருக்கும். தண்ணி கேட்டாலும் சண்டைக்கு வருகிற மாதிரி.

"இன்னாத்துக்கு அங்க போய் துன்ற?"

"சும்மாதான்யா."

"இங்கியே குந்தி துன்னு. வாசனயாச்சும் புடிச்சிக்கிறேன்."

அன்றைக்குக் கத்தரிக்காய் கருவாட்டுக் குழம்பு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். உத்திரமேரூர் போய் பஸ் மாறிப் போனோம். எடை மிஷினில் நிற்க வைத்தார்கள். கம்பி கட்டின அன்றைக்கு எழுபத்திரண்டு கிலோ. இப்போது அறுபத்தாறு.

நர்சம்மா மிஷினைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடி மிஷினைப் பார்த்தார்.

"என்னம்மா, சாப்பாடு குடுக்கறீங்களா இல்லையா?"

"எட்டு டம்ளர் குடிக்கிறாரும்மா."

"குடிச்சா இப்படி எறங்காதே. எலும்பு ஒண்ணு சேர வேணாமா? அடுத்த வாரம் வாங்க. அப்பவும் எறங்கியிருந்தா அட்மிட் பண்ணி மூக்குல டியூப் போடுவோம். டாக்டர் எழுதிட்டாரு."

வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். சாலவாக்கம் வருவதற்கு முன்னால் என் கையைப் பிடித்தார். பஸ்ஸில் அப்படிப் பிடிக்கிற ஆள் இல்லை.

"அது மட்டும் வேணாம்."

எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் இவர் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தருக்கு மூக்கில் டியூப் போட்டிருந்தது. அவர் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார் என்று இரண்டு கையையும் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். இவர் ராத்திரி எல்லாம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"சரிய்யா. போட வுடமாட்டேன்" என்று சொன்னேன். எப்படி என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் சாயந்தரம் நடவு முடிந்து வந்து, தவலையில் தண்ணி மொண்டுகொண்டு இருந்தேன். எதிர்வீட்டு அக்கா வந்தாள். அவளுக்கு வாய் அதிகம். உதவியும் அதிகம். வேலியோரம் நின்றுகொண்டு எங்கள் மாட்டையே பார்த்தாள்.

"ஏண்டி, உங்க வூட்ல யாருக்குடி தாட ஒடஞ்சிது? உன் புருசனுக்கா, மாட்டுக்கா?"

"இன்னாக்கா சொல்ற?"

"மாடு எண்ண தடவுன மாரி மின்னிக்கினு கீது. அவுரு ஒட்டடக்கொம்பு மாரி ஆயிட்டாரு. நல்லது எல்லாம் எந்த வாயிக்குப் போவுதுன்னு பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தபடி போய்விட்டாள். நான் தவலையை வைத்துவிட்டு மாட்டுத் தொட்டியைப் போய்ப் பார்த்தேன்.

காலையில் கொட்டினது மிச்சம் இருந்தது. வெந்த பாசிப்பருப்பு. கீரை. தக்காளித் தோல். கேரட்டுத் துண்டு. எல்லாம் வடிகஞ்சியில் மிதந்துகொண்டிருந்தது. மாடு நாக்கை விட்டு அடிவரைக்கும் நக்கியது. என்னை நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை.

எங்கள் வீடுகளில் சோறு வடித்தால் கஞ்சி மாட்டுக்கு. அரிசி கழுவின தண்ணி மாட்டுக்கு. சக்கை, தோல், மீந்தது எல்லாம் மாட்டுக்கு. யாரும் யோசித்துச் செய்கிறது இல்லை. கை தானாகத் தொட்டிப் பக்கம் போகும். நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். பருப்பை வேக வைத்து, சத்தை எல்லாம் மாட்டுக்குக் கொட்டிவிட்டு, மேலே நின்ற தண்ணியை மட்டும் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்திருக்கிறேன். பதினாலு நாள்.

உள்ளே போய்ச் சொன்னேன். மறைத்து என்ன செய்ய.

"எல்லாத்தையும் மாட்டுக்குக் குடுத்துட்டேன்யா. உனுக்கு வெறும் தண்ணிதான் ஊத்திக்கீறேன்."

அவர் என்னைப் பார்த்தார். கதவு வழியாக மாட்டைப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பு. வாயைத் திறக்காமல் சிரிக்க வேண்டும், வலி வேறு. கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"வுடு. அது பாலு குடுக்குது. நான் இன்னா குடுக்கறேன்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக ஆறு நாள்தான் இருந்தது.

அன்றைக்கே உலை வைத்தேன். சோறு வடித்தேன். கஞ்சி குண்டானில் இறங்கியது. வெள்ளையாக, வழவழ என்று, ஆவியோடு. வாழ்க்கை முழுக்க வடித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். கரண்டியால் எடுத்து ஊற்றினால் கயிறு மாதிரி இறங்கியது. இது தண்ணி இல்லை. சோற்றின் உயிர் பாதி இதில்தான் கரைந்திருக்கிறது. இதையா நான் கொட்டினேன் என்று இருந்தது.

இன்னொரு அடுப்பில் குக்கர். பாசிப்பருப்பும் கீரையும் நாலு பல் பூண்டும் மூன்று விசில். எல்லாவற்றையும் கஞ்சியோடு சேர்த்து மிக்ஸியில் போட்டேன். கவர்மெண்ட்டு கொடுத்த மிக்ஸி. சட்னிக்குத்தான் போடுவேன். இரண்டு சுற்றில் பச்சைப் பசேல் என்று கூழாகிவிட்டது. உப்பு, மிளகு, ஒரு கரண்டி நல்லெண்ணெய். அரை மணிகூட ஆகவில்லை.

ஸ்ட்ராவை வைத்து இழுத்தார். இரண்டு இழுப்பு. நின்றுவிட்டது. கீரை நார் சந்தில் அடைத்துக்கொண்டது. இருமினார். எனக்கு ஆணியில் இருந்த பிளேயர் ஞாபகம் வந்துவிட்டது. ஓடிப்போய் எடுத்துக்கொண்டேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மூக்கால் மெதுவாக மூச்சு விட்டார். அப்புறம் ஆஸ்பத்திரியில் கொடுத்த ஊசி இல்லாத சிரிஞ்சில் வெந்நீர் ஏற்றிப் பீச்சி நாரை எடுத்தோம். பீச்சினது அவர்தான். நான் பிளேயரைக் கீழே வைக்கவே இல்லை.

"இன்னும் நல்லா சலிச்சி குடு" என்றார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் டீ வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியின் அடிப்பக்கத்தால் தேய்ப்பேன். வடிகட்டுகிறது வேறு, தேய்க்கிறது வேறு. தேய்த்தால் சத்து கீழே இறங்கும், நார் மேலே நிற்கும். அந்த ஒரு ஸ்பூன் நார் மட்டும் மாட்டுக்கு.

ஒரு நாள் முட்டை. கஞ்சி கொதிக்கும்போது அடித்த முட்டையை நூல் மாதிரி ஊற்றிக்கொண்டே கிண்டினேன். பஞ்சு பஞ்சாக எழுந்தது. அதை மிக்ஸியில் விட்டால் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் வேலியில் காய்த்த பரங்கிக்காய். வெந்து மசிந்து கஞ்சியில் கலந்ததும் குண்டான் முழுக்க சூரியன் மாதிரி ஒரு நிறம். நாங்கள் எப்போதும் அதைக் கூட்டாகத்தான் செய்வோம். அப்படி ஒரு நிறம் அதற்குள் இருக்கும் என்று தெரியாது. காலையில் ஊற வைத்துவிட்டுப் போன வேர்க்கடலையைச் சாயந்தரம் அரைத்துப் பிழிந்தால் பால். இந்தப் பால் அவருக்குச் சேர்ந்தது.

நாலாம் நாள் நடவில் வரப்பு ஓரமாக நண்டு ஓடியது. கூட நட்ட பொம்பளைங்க எல்லாரும் சேர்ந்து பிடித்துக் கொடுத்தார்கள்.

"இந்தா, உன் வூட்டுக்காரருக்கு. அதோட கொடுக்க ஒடச்சிட்டு குடு. ஸ்ட்ராவ கடிச்சிக்கப் போவுது" என்று ஒருத்தி சொன்னாள். சேற்றில் நின்றுகொண்டு எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரொம்ப நாள் ஆகியிருந்தது.

முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தேன். ஓட்டோடு உரலில் இடித்தேன். தண்ணி விட்டுப் பிசைந்து துணியில் பிழிந்தேன். அழுக்குத் தண்ணி மாதிரி சாம்பல் நிறத்தில் இறங்கியது. மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு அடுப்பில் வைத்தேன். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கொதி வரும் நேரத்தில் அந்த அழுக்குத் தண்ணி பிரிந்தது. உள்ளேயிருந்து வெள்ளையும் சிவப்புமாக மேகம் மாதிரி ஒன்று திரண்டு மேலே வந்தது. கீழே தெளிந்த சாறு. மேலே சதை. நான் எதையும் போடவில்லை. துணியில் பிழிந்த தண்ணிதான். அதற்குள் இவ்வளவு சதை எங்கே ஒளிந்திருந்தது?

"இங்க வாய்யா. பாரு" என்று கூப்பிட்டேன்.

வந்து பார்த்தார். இரண்டு பேரும் குண்டானைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சினிமா பார்க்கிற மாதிரி.

"இத்தினி நாளா ரசம்னு சொல்லி ஊத்திக்கினோம். இத பாத்ததே இல்லியே" என்றார்.

அதையும் அரைத்துத் தேய்த்துக் கொடுத்தேன். அன்றைக்கு அவருக்கு நெற்றி வேர்த்தது. மூட்டை தூக்கும்போது வேர்க்கிற மாதிரி.

ஏழாம் நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அவர் சட்டை தோளில் தொங்கியது. எடை ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. வரிசையில் நிற்கும்போது முன்னால் எடை பார்த்தவர்களுடைய முள்ளை எல்லாம் அவர் எட்டி எட்டிப் பார்த்தார். எங்கள் முறை வந்தது. செருப்பைக் கழற்றினார். ஏறினார். நான் மிஷினைப் பார்க்கவில்லை. நர்சம்மா முகத்தைப் பார்த்தேன்.

"அறுபத்தாறரை."

எனக்குப் புரியவில்லை. ஏறியிருக்கா இறங்கியிருக்கா?

"அரை கிலோ ஏறியிருக்கும்மா. டியூப் வேணாம். டாக்டர்கிட்ட நான் சொல்றேன்."

அவர் இறங்கினார். செருப்பைத் தப்புக் காலில் மாட்டினார்.

"என்ன குடுத்தீங்க?" என்று நர்சம்மா கேட்டார்.

"சூப்பும்மா. வடிகஞ்சியில. பருப்பு, கீரை, முட்டை, பரங்கிக்கா. வயல் நண்டு."

தலையை ஆட்டினார். சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார். "நல்லது. சூப்பு நெறைய பேரு நல்லாதான் வைக்கறாங்கம்மா. ஆனா குடிக்கறவங்க பாதியில விட்டுடுவாங்க. கன்னம் வலிக்கும், வெறுத்துடும். அதான் இங்க டியூப்போட படுக்கறாங்க. இவர் விடல போல."

நான் அவரைப் பார்த்தேன். அவர் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

வீட்டுக்கு வரச் சாயந்தரம் ஆகிவிட்டது. உலை வைத்தேன். பரங்கிக்காய் சூப்பு. கம்பி எடுக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. அடுப்படியில் நிற்கும்போது நர்சம்மா சொன்னதே ஓடியது. இந்த ஒரு வாரமாக நான் சூப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறத்தை, கெட்டியை, மேகத்தை. டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவேன். திரும்பி வந்தால் டம்ளர் காலி. நடுவில் என்ன நடந்தது என்று ஒரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது இல்லை.

இரண்டு டம்ளரில் ஊற்றினேன். அவர் எதிரில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நானும் ஒரு ஸ்ட்ராவைக் கடைவாயில் வைத்தேன்.

"இன்னாமே பண்ற?"

கையைக் காட்டினேன். இரு என்று.

முதல் இழுப்பில் பாதி ஸ்ட்ராதான் ஏறியது. இரண்டாவதில் வாய்க்குள் கொஞ்சம் வந்தது. விழுங்கினால் காற்றும் சேர்ந்து போகிறது. நாக்கை நகர்த்த இடம் இல்லை. சூடு ஒரே இடத்தில் நிற்கிறது. ஊதவும் முடியாது. பத்து இழுப்பில் கன்னம் உள்ளே இழுத்துக்கொண்டது. காதுக்குக் கீழே வலித்தது. நடவு நட்டால் வருகிற இடுப்பு வலியைவிட அது பொல்லாத வலி. என்னை அறியாமல் பல்லைத் திறந்துவிட்டேன்.

"ஏய். தெறக்காத. ஏமாத்தற."

மறுபடி கடித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் இழுத்தார். ஒரு இழுப்பு. ஒரு விழுங்கு. மூக்கால் ஒரு மூச்சு. மறுபடி ஒரு இழுப்பு. நாள் முழுக்கக் கூலிக்கு மூட்டை ஏற்றுகிற ஆள் எப்படி ஏற்றுவாரோ அப்படி. ஓடாமல், நிற்காமல், இன்னும் எத்தனை என்று பார்க்காமல்.

எனக்கு அரை டம்ளர்கூட இறங்கவில்லை. ஸ்ட்ராவை எடுத்துவிட்டேன். கன்னத்தைத் தேய்த்துக்கொண்டேன். எனக்கு உடைந்த எலும்பு இல்லை. கம்பி இல்லை. அவர் இதைத் தினமும் எட்டு தடவை செய்திருக்கிறார். வெறும் தண்ணியாக இருந்த பதினாலு நாளும் செய்திருக்கிறார். ருசி இல்லை என்று சொன்னது இல்லை. வயிறு ரொம்பவில்லை என்று சொன்னது இல்லை. நான் கொடுத்ததை நம்பிக் குடித்திருக்கிறார்.

"ஏன்யா சொல்லல?"

"இன்னாத்த?"

அவர் உதட்டோரம் வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டேன்.

அவர் டம்ளர் முடிந்தது. அடியில் ஸ்ட்ரா கொர்ரென்று சத்தம் போட்டது. என் டம்ளரை எட்டிப் பார்த்தார்.

"வேணாமா உனுக்கு?"

"வேணாம்."

"குடு அப்ப."

வாங்கிக்கொண்டார். நான் எழுந்து போகவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது, கழுவப் பாத்திரம் கிடந்தது. அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.